'ங்' எங்க ஊர் சொத்துங்!

ஃப்ரெண்ட்ஸ், பஸ்ல உட்கார்ந்து படிக்கிறீங்களா? பக்கத்து சீட்காரர் முறைச்சாலும் பரவாயில்லை. ஒரு நிமிஷம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, 'தாத்தா சட்டை போட்டு கடைக்கு ஓடிவிட்டார்'னு சொல்லுங்க. குரல் மாறலை இல்லையா? இப்ப 'மாமா, மணி என்ன?'னு சொல்லுங்க. ஜலதோஷம் பிடிச்ச மாதிரி அடைக்குதா?

விஷயம் இதுதான். வாயின் மேல்பக்கம், உள்ளே தள்ளி மெத்தென்று இருக்கும் பகுதிக்கு மெல்லண்ணம் என்று பெயர். அது ஒரு கதவு. க, ச, ட, ப சொல்லும்போது மேலே எழும்பி மூக்கு வழியை மூடிவிடும். ங, ஞ, ண, ந, ம, ன வந்தால் இறங்கி வழிவிடும். மெல்லினத்துக்கு மூக்குதான் இடம் என்று நன்னூலே சொல்லியிருக்கிறது. தமிழ் வகுப்பில் தூங்கிட்டீங்களா? நானும்தான்!

எனக்கு சொந்த ஊர் கோபிச்செட்டிபாளையம். பேச்சு, கேட்டல் சிகிச்சைப் படிப்புக்காக சென்னை வந்த முதல் வாரமே ஹாஸ்டலில் பெயர் வெச்சுட்டாங்க... 'மூக்கன்'! எல்லாம் எங்க ஊர் மரியாதை செய்த வேலை. 'சரிங்', 'வாங்', 'இல்லீங்'னு எதைச் சொன்னாலும் 'ங்'லதான் போய் நிற்கும்.

மூன்றாம் வருஷம் லேபில் நேசோமீட்டர் கையில் கிடைத்தது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே ஒரு தட்டு. அதற்கு மேலே ஒரு மைக், கீழே ஒரு மைக். வெளிவரும் மொத்த ஒலியில் மூக்கின் பங்கு எத்தனை சதவிகிதம் என்று காட்டும். மெல்லினமே இல்லாத ஒரு பத்தியைப் படித்தேன். என்னைக் கிண்டல் செய்த சென்னைப் பையனுக்கும் எனக்கும் கிட்டத்தட்ட ஒரே எண்! அடுத்து ஊர்க்கதை பேசச் சொன்னார்கள். என் எண் எகிறிடுச்சு. கதவில் பழுது இல்லை. எங்க ஊர்க்காரங்க அதை அடிக்கடி திறக்கிறோம், அவ்வளவுதான்!

இது நம்ம ஊர் சங்கதி மட்டுமில்லை. 1991-ல் வெளியான ஓர் ஆய்வில், வட அமெரிக்காவின் 4 வட்டாரங்களைச் சேர்ந்த, பேச்சில் குறையில்லாதவர்களை அளந்து பார்த்தார்கள். மத்திய அட்லாண்டிக் பகுதிக்காரர்களுக்கு எண் கூடுதலாக இருந்தது. ஓர் ஊர்க் கணக்கை வைத்து இன்னோர் ஊர்ப் பேச்சை எடை போடக் கூடாது என்பது இதனால்தான்.

இந்தப் பெருமிதத்தில்தான் சறுக்கினேன். ஈரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஏழு வயசுப் பையன் வந்தான். கைக்குழந்தையா இருந்தப்பவே அண்ணப்பிளவுக்கு ஆபரேஷன் ஆனவன். "ஏனுங் தம்பி, மூக்குல பேசறான்னு பள்ளிக்கூடத்துல சிரிக்கறாங்களாமா. இப்பல்லாம் வாயே தொறக்க மாட்டேங்கறானுங்" என்றார் அவன் அம்மா. எனக்கு ஹாஸ்டல் ஞாபகம் வந்துவிட்டது. "அது நம்மூர் பேச்சுங்க்கா, பயப்படாதீங்" என்று தைரியம் சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

பின்னால் நின்ற மேடம் மெதுவாகக் கேட்டார். "தம்பி, அவன் கிளாஸ்ல இருக்கற பசங்களும் உங்க ஊர்க்காரங்கதானே? அப்புறம் ஏன் சிரிக்கறாங்க?"

என்னிடம் பதில் இல்லை.

அவனை 'பாப்பா, பாப்பா' என்று சொல்ல வைத்து, மூக்கின் கீழே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்தார். ஆவி படிந்தது. மெல்லினமே இல்லாத சொல்லில் மூக்குக்கு என்ன வேலை? கதவு சரியாக மூடவில்லை. நேசோமீட்டரும் அதையேதான் சொன்னது. நான் அனுப்பியிருந்தால், அந்தப் பையன் இன்னும் எத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான்? குறையில்லாத என்னைக் குறை சொன்னது ஹாஸ்டல். குறை இருந்த குழந்தைக்குக் குறையே இல்லை என்றவன் நான். எது பெரிய தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

சர்ஜனிடம் அனுப்பினோம். இரண்டாவது ஆபரேஷன். பிறகு பல மாதப் பயிற்சி. கடைசி நாள் 'பாப்பா' சொன்னபோது கண்ணாடி பளிச்சென்று இருந்தது. வாசல் வரை போனவன் திரும்பிப் பார்த்துக் கத்தினான்...

"போயிட்டு வர்றனுங்ண்ணா!"

அந்த 'ங்'கை மட்டும் நான் தொடவே இல்லைங்!