கம்ப்யூட்டருக்கு ஒரு செம்புத் தண்ணீர்

தாகித்தவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது தருமம் என்று நம் பெரியோர்கள் சொல்லியிருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்குத் தண்ணீர் கொடுப்பது தருமமா, பைத்தியக்காரத்தனமா என்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. ஆகையால், சென்ற ஏப்ரல் மாதம் அந்த யோசனை எனக்கு உதித்தபோது, காகிதமும் பென்சிலுமாக நானே உட்கார வேண்டியதாயிற்று.

விஷயம் இதுதான். தில்லியில் மொட்டை மாடியில் எங்களுக்கு ஓர் அறை. நானும் என் தோழனும் வாடகைதாரர்கள்; என் கம்ப்யூட்டர் மூன்றாவது ஆள். அது வாடகை தருவதில்லை. மின்சாரம் மட்டும் தாராளமாகச் சாப்பிடும். ஒரு புரத மூலக்கூறு தண்ணீருக்குள் எப்படி நெளிகிறது என்று அது கணக்கிட்டுக் கொடுத்தால்தான் என் எம்.எஸ்ஸி. ஆய்வேடு முடியும். ஆனால் ஏப்ரல் வெயில் ஏறியதும், விசிறிகள் ஆகாய விமானம்போல் இரைய ஆரம்பித்தன. அப்படியும் சூடு தணியாமற்போகவே, யந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பத்து மணி நேரத்துக் கணக்குக்குப் பதினான்கு மணி நேரம் பிடித்தது.

டியூஷன் சொல்லிக் கொடுத்து ஆறு மாதமாகச் சேர்த்த பணம் கையில் இருந்தது. தண்ணீரால் குளிர வைக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்துவிடுவது என்று தீர்மானித்தேன். ஊரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"ஏண்டா, பானைத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமாம்" என்று சொல்லிவிட்டேன். அது தப்பு என்று அன்றிரவே தெரிந்தது.

மண்பானையில் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. ஆவியாகும்போது உஷ்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் பானை நீர் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் சுற்றும் நீரோ அடைபட்ட நீர். அது ஆவியாகி வெளியேற வழியில்லை. சிப்பின்மேல் பொருத்திய செம்புத் தகட்டுப் பெட்டியில் உஷ்ணத்தை வாங்கிக்கொள்ளும். குழாய் வழியே ரேடியேட்டருக்குப் போகும். அங்கே விசிறிக் காற்றிடம் அதை இறக்கிவிட்டுத் திரும்பி வரும். அதாவது, அது வெறும் சுமைகூலி. அறையில் 35 டிகிரி என்றால், நீர் ஒருபோதும் 35-க்குக் கீழே போகாது. ஐஸ் போட்டுக் குளிர வைத்தாலோ வேறு ஆபத்து: காற்றிலுள்ள ஈரம் குழாயின்மேல் வியர்த்துச் சொட்டும். கம்ப்யூட்டருக்குள் மழை பெய்தால் என் ஆய்வேடும் அதோடு கரைந்துவிடும்!

வேலை செய்ய நீர் குளிர்ந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. 2010-ல் ஸூரிச் நகரத்துத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தார் அமைத்த 'அக்வாசார்' என்னும் பெரிய கம்ப்யூட்டருக்கு, 60 டிகிரிச் சூடுள்ள வெந்நீரையே உள்ளே அனுப்பினார்கள். அதனினும் சூடாக வெளியே வந்த நீரின் உஷ்ணத்தைக் கொண்டு கட்டிடங்களுக்குக் கதகதப்பூட்டினார்கள்.

நிற்க. பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் கிராபிக்ஸ் கார்டு 200 வாட், பிராசஸர் 100 வாட். ஆக 300 வாட். பம்பு நிமிஷத்துக்கு நாலு லிட்டர் நீரைச் சுற்றினால், ஒரு சுற்றில் நீரின் சூடு ஏறத்தாழ ஒரே ஒரு டிகிரிதான் ஏறுகிறது! ஆகையால் முதலில் பிராசஸரா, முதலில் கார்டா என்று வரிசையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. குழாய் மடங்காமல் எந்த வழியாகப் போகிறதோ, அதுவே நல்ல வழி. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றுக்கு 100 வாட் என்பது அனுபவஸ்தர்கள் சொல்லும் தோராயம். அப்படியிருந்தும் நீர் காற்றைவிடப் பத்து டிகிரி அளவு சூடாகவே இருக்கும். எனவே மூன்று விசிறி பிடிக்கும் ரேடியேட்டர் ஒன்று வேண்டும்.

சாமான் பட்டியலில் இன்னும் சில எச்சரிக்கைகள் ஏறின. செம்புத் தகட்டோடு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்க்கலாகாது. ஒரே நீரில் இரு உலோகமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கப்பட்டுவிடும். குழாய்த் தண்ணீர் உதவாது. காய்ச்சி வடித்த நீரும், பாசி பிடிக்காமலிருக்க மருந்தும், அரிப்பைத் தடுக்கும் மருந்தும் வேண்டும். வடித்த நீரில் மின்சாரம் அதிகம் பாயாதே என்று தைரியம் கொள்ளவும் கூடாது. உலோகத்திலும் தூசியிலும் பட்டபின் அது பழைய யோக்கியதையை இழந்துவிடும். சிறு தொட்டி பம்புக்கு மேலே இருக்க வேண்டும். பம்பு வெறுமே ஓடக்கூடாது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து 24 மணி நேரம் ஓடவிட்டு, மூட்டுகளின் கீழே காகிதம் விரித்துக் கசிவு பார்க்க வேண்டும். மொத்தம் பிடிக்கும் நீர் சுமார் ஒரு லிட்டர். ஒரு செம்புத் தண்ணீர், அவ்வளவுதான்.

பட்டியலைத் தோழனிடம் பெருமையோடு நீட்டினேன். அவன் இரண்டு தடவை படித்தான்.

"எல்லாம் சரிடா. அந்த 300 வாட் கடைசியில் எங்கே போகும்?"

"அறைக் காற்றுக்கு."

"அந்த அறையில் யார் படுத்திருக்கிறது?"

எனக்குப் பதில் வரவில்லை. தூங்குகிற மனிதன் ஒருவனிடமிருந்து வெளிவரும் உஷ்ணம் சுமார் 80 வாட். அப்படியானால் என் யந்திரம் இராத்திரி முழுதும் ஓடுவது, எங்கள் சிறிய அறையில் ஏறக்குறைய நான்கு பேரை அதிகமாகப் படுக்க வைப்பதற்குச் சமம். சிப்பு பிழைத்துக்கொள்ளும், பக்கத்துக் கட்டிலில் இருப்பவன் வேகவேண்டும். மூன்று வாரமாக அவன் ஏன் தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்ப் படுக்கிறான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "வெளியே காற்றாக இருக்கிறது" என்று மட்டும் அவன் சொல்லியிருந்தான்.

மறுநாள் பட்டியலைத் திருத்தினேன். ரேடியேட்டரை ஜன்னலுக்கு வெளியே, நிழலில் மாட்டுவது. போகவும் வரவும் இரண்டிரண்டு மீட்டர் குழாய். இடம் பார்க்க வெளியே போனேன். அந்த ஜன்னலடியில் வீட்டுக்காரரின் வயதான தாயார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாட்டப் போகிறாய், பேட்டா?" என்று இந்தியில் கேட்டார்.

நான் ஏதோ சொல்லி மழுப்பிவிட்டுத் திரும்பினேன். தோழன் தலையிலிருந்து இறக்கிய சுமையைக் கிழவியின் தலையில் ஏற்றுவதா?

ஆகவே மூன்றாம் தடவையாகத் திருத்தினேன். ரேடியேட்டர், பின்சுவரில் ஆள் நடமாட்டமில்லாத பக்கம் போகிறது. குழாய் நான்கு மீட்டராயிற்று, செலவும் கூடிற்று. பகலில் வெளிக்காற்று 44 டிகிரிக்குப் போகும்போது அங்கே மாட்டி லாபமில்லை. ஆகையால் கணக்கு இரவு பத்துக்குத் தொடங்கி விடியற்காலம் வரை ஓடும். கிராபிக்ஸ் கார்டையும் 160 வாட்டுக்கு மேல் போகாதபடி கட்டிவிட்டேன். அதனால் வேகம் சிறிதுதான் குறைந்தது. இதற்குக் காலணாச் செலவில்லை. முதல் நாளே செய்திருக்கலாம்.

சாமான்கள் அடுத்த வாரம் வரும். அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "பானை மாதிரி இல்லையம்மா, தண்ணீர் சூட்டைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே கொட்டும்."

"கொட்டுகிற இடத்தில் யாராவது இருக்கப் போகிறார்கள், பார்த்துக் கொட்டு" என்றாள்.

பௌதிகம் படிக்காதவளுக்கு ஒரு நொடியில் தெரிந்தது, எனக்கு மூன்று பட்டியல் போட்ட பிறகு தெரிந்தது! தோழன் நேற்றுத் தலையணையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டான். அவனுடைய நம்பிக்கையை நினைத்தால்தான் கசிவுச் சோதனையை 24 மணி நேரத்துக்குப் பதில் 48 மணி நேரமாகச் செய்யலாமா என்று தோன்றுகிறது.