விரிவுரை தருவது காற்பங்கு

வன்னிப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகம் இன்றைக்கு எட்டாத தூரத்தில் இல்லை. 1990இல் கிளிநொச்சியில் தொடங்கிப் போரினால் இடம்பெயர்ந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம், போர் முடிந்தபின் அறிவியல் நகருக்குத் திரும்பி வந்தது. அதே அறிவியல் நகரில் 2014இல் பொறியியல் பீடத்தின் முதல் தொகுதி மாணவர்கள் படிக்கத் தொடங்கினார்கள். பம்பைமடுவில் இருந்த வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் முதலாம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக எழுந்தது. எத்தனையோ இடப்பெயர்வுகளைக் கண்ட மண்ணில் இத்தனை கட்டடங்கள்! அவற்றைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. அந்தக் கட்டடங்களுக்குள் நடக்கிற படிப்பைப் பற்றி ஒரு முதியவனாகச் சொல்ல வேண்டியது எனக்கு ஒன்று இருக்கிறது.

விடுமுறைக்கு ஊருக்கு வரும் கம்பஸ் பிள்ளைகளோடு கதைப்பது எனக்கு விருப்பம். “என்ன படிச்சனீங்கள்?” என்று கேட்டால் கொப்பியைக் காட்டுவார்கள். சேர் திரையில் காட்டியதெல்லாம் அழகான கையெழுத்தில், ஒரு வரி தப்பாமல் ஆங்கிலத்தில் இருக்கும். “இந்தப் பக்கத்தில் இருக்கிறதை எனக்கு விளங்கச் சொல்லுங்கோ பாப்பம்” என்றால் பிள்ளை தயங்கும். குறை பிள்ளையில் இல்லை. உயர்தரம் வரைக்கும் தமிழில் படித்து, ரியூட்டரியில் நூற்றுக்கணக்கானவர்களோடு இருந்து நோட்ஸ் எழுதிப் பழகிய பிள்ளை அது. பெரிய மண்டபத்தில் ஒரு மணித்தியாலம் ஒருவர் ஆங்கிலத்தில் பேச, எழுதுவதா, கேட்பதா, விளங்கிக்கொள்வதா? மூன்றையும் ஒன்றாகச் செய்ய யாராலும் முடியாது. பிள்ளை எழுதுவதைத் தெரிந்தெடுக்கிறது. முடிவில் “விளங்கிச்சுதா?” என்று கேட்கும்போது மண்டபம் முழுக்க “ஓம் சேர்” என்கிறது. எழுந்து கேள்வி கேட்டால் தன் ஆங்கிலத்துக்குச் சிரிப்பார்களோ என்ற கூச்சம் முல்லைத்தீவுப் பிள்ளைக்கும் உண்டு, மல்லாவிப் பிள்ளைக்கும் உண்டு.

விரிவுரை என்ற முறை அச்சுப் புத்தகம் இல்லாத காலத்தில் பிறந்தது. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில், அச்சு இயந்திரம் வருவதற்கு முன்னர், கையெழுத்துப் பிரதி ஒன்றை ஆசிரியர் வாசிக்க மாணவர் கேட்டு எழுதினார்கள். அந்த நிலை எங்களுக்குப் புதிதல்ல. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் கடதாசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வன்னி தவித்தது. 1996இல் கிளிநொச்சி முழுதாக இடம்பெயர்ந்த பிறகு, மரத்தடியிலும் கொட்டிலிலும் நடந்த வகுப்புகளில் ஒரே புத்தகத்தை வைத்து ஆசிரியர் வாசிக்க, பிள்ளைகள் எழுதினார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கில் அதைப் படித்துச் சோதனை எடுத்தார்கள். அன்றைக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. அப்படிக் கற்பித்த ஆசிரியர்களுக்கு இந்த மண் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறது. இன்றைக்கோ புத்தகம் நூலகத்தில் இருக்கிறது, விரிவுரைக் குறிப்பு முதல்நாளே தொலைபேசிக்கு வந்துவிடுகிறது. வந்த குறிப்பையே மறுநாள் மண்டபத்தில் வாசித்துக் காட்டுவதில் யாருக்கு என்ன பயன்?

எங்கள் முன்னோர் இதைத் தெளிவாக அறிந்திருந்தார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டு அளவில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், இலக்கணத்துக்குள் போவதற்கு முன்னர் பொதுப்பாயிரத்தில் கற்கும் முறையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்டாலும் மாணவனுக்குக் கிடைப்பது காற்பங்கு. உடன்படிப்பவர்களோடு சேர்ந்து பயிலும்போது இன்னொரு காற்பங்கு. மற்ற அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. கேட்பதை நன்னூல் தள்ளிவிடவில்லை. அதற்குரிய பங்கை அளந்து வைத்திருக்கிறது.

இந்தக் கணக்கு சரியானது என்பதை நான் வயலில் கண்டேன். நான் விவசாயப் போதனாசிரியராக வேலை பார்த்தவன். கமக்காரர்களை ஓரிடத்தில் கூட்டி, அறக்கொட்டியான் பூச்சி நெல்லின் அடித்தண்டில் இருந்துதான் சாறு உறிஞ்சும், மேல் இலைக்கு மருந்து அடித்துப் பயனில்லை என்று விளக்குவது அந்தக் கால வழக்கம். எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு போய்ப் பார்த்தால் மருந்து மேல் இலைக்குத்தான் விழுந்திருக்கும். கமக்காரர்களை வயலிலேயே கூட்டிப் பார்க்கவும் எண்ணவும் தங்களுக்குள் பேசவும் வைக்கிற வயல் பாடசாலை முறை 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கி ஆசியா முழுவதும் பரவியது. அந்த முறையில் நடந்த வகுப்பு ஒன்றில், வரம்பிலிருந்து இறங்கிய கமக்காரர் ஒருவர், குனிந்து மட்டங்களை இரண்டு கையாலும் விலக்கினார். தண்ணீருக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றிக் கபில நிறத்தில் அப்பியிருந்த பூச்சிகளை எண்ணினார். உடனே பக்கத்து வயல்காரரைக் கூப்பிட்டு, “இஞ்ச வந்து பாருங்கோ அண்ணை, மேல அடிச்சு என்ன பிரயோசனம்?” என்று விளங்கப்படுத்தினார். மற்றவருக்கு விளங்கப்படுத்திய அந்த நேரத்தில்தான் அந்தப் பாடம் அவருக்குச் சொந்தமானது.

உலகத்து ஆராய்ச்சிகளும் இதையே சொல்கின்றன. 2014இல் அமெரிக்காவில் ஸ்கொட் ஃபிறீமனும் அவரோடு சேர்ந்தவர்களும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் 100க்கு ஏறத்தாழ 34 பேர் சித்தியடையவில்லை. மாணவர் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் அந்தத் தொகை 22. ஹாவர்ட் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் பேராசிரியர் எரிக் மசூர் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே வேறு வழிக்குப் போனார். கொஞ்ச நேரம் பேசுவார், ஒரு கேள்வி கொடுப்பார், மாணவர் பக்கத்தில் இருப்பவரோடு வாதாடி விடை தேடுவார்கள். அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2019இல் வந்த ஓர் ஆய்வு எங்களை யோசிக்க வைக்க வேண்டும். சீராகப் பேசப்பட்ட விரிவுரையைக் கேட்ட மாணவர் தாங்கள் நிறையக் கற்றதாக நினைத்தார்கள். சோதனை வைத்தபோது, திணறித் திணறித் தாங்களே செய்து பார்த்தவர்கள்தான் கூடக் கற்றிருந்தார்கள். நல்ல பேச்சைக் கேட்ட திருப்தியைப் படிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

இதற்காக விரிவுரையை எடுத்தெறியச் சொல்லவில்லை. ஒரு துறையின் முழு வரைபடத்தை ஒரு மணித்தியாலத்தில் காட்டவும், ஒரு கணக்கை அறிஞர் எப்படி யோசிக்கிறார் என்பதை நேரில் காணவும், ஒரு பாடத்தில் ஆசை பிறக்கவும் நல்ல விரிவுரைக்கு ஈடில்லை. அந்தக் காற்பங்கு இல்லாமல் மற்ற முக்காற்பங்குக்கு அடித்தளம் இல்லை.

அந்த முக்காற்பங்குக்கு எங்கள் பிள்ளைகள் தாங்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரீட்சை நெருங்கும்போது மூத்த மாணவரோ விளங்கிய சக மாணவரோ மற்றவர்களை இருத்திச் சொல்லிக் கொடுப்பார்கள். அதைக் குப்பி என்கிறார்கள். அங்கே தமிழில் கேட்கலாம், பிழையாகக் கேட்கலாம், திரும்பத் திரும்பக் கேட்கலாம். சொல்லிக் கொடுக்கிற பிள்ளைதான் அதில் கூடப் படிக்கிறது. நன்னூல் சொன்ன அரைப்பங்கு அதுதான். ஆனால் அது பரீட்சைக்கு முதல் இரவில் விடுதி அறையில் நடக்கிறது. தவணையின் முதல் கிழமையிலேயே, விரிவுரை மண்டபத்துக்குள்ளேயே நடக்க வேண்டியது அது.

விரிவுரையாளர்களாக இருக்கிற தம்பிமாரிடமும் தங்கச்சிமாரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்களில் பலர் இதே மண்ணில் மரத்தடியில் படித்து வந்தவர்கள். உங்கள் ஒரு மணித்தியாலத்தில் கால் மணிக்கு ஒரு தடவை பேச்சை நிறுத்துங்கள். ஒரு கேள்வியைப் போடுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு தமிழிலோ சிங்களத்திலோ பேசிவிட்டு ஆங்கிலத்தில் விடை சொல்ல விடுங்கள். கூச்சப்படும் பிள்ளை தோழியிடம் ஒருக்கால் சொல்லிப் பார்த்த விடயத்தை மண்டபத்தில் துணிந்து சொல்லும். பாடத்திட்டம் முடியாதே என்று கவலைப்படுவீர்கள். நீங்கள் முடித்தும் பிள்ளைக்கு விளங்காத பாடம் முடிந்த பாடமாகாது. 80 வீத வரவைக் கணக்கெடுப்பதுபோல, எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்பதையும் கணக்கெடுங்கள்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். விரிவுரைக்குத் தவறாமல் போங்கள். போய் வந்த அன்றைக்கே கொப்பியை மூடி வைத்துவிட்டு, கேட்டதை ஒருவருக்குச் சொல்லுங்கள். அறைத் தோழனுக்குச் சொல்லுங்கள், வீட்டில் அம்மாவுக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டு உயர்தரப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். சொல்ல முடியாமல் நிற்கிற இடத்தைக் குறித்துக்கொண்டு, அடுத்த நாள் கையை உயர்த்திக் கேளுங்கள். காற்பங்கை ஆசிரியர் தந்துவிட்டார். மிச்ச முக்காற்பங்கை நீங்கள்தான் உழைத்து எடுக்க வேண்டும்.