பாலாடா கடையின் விண்டோஸ் 98

நீலகிரியின் கேத்தி பாலாடாவில் மாமா வைத்திருந்த டிடிபி கடையில் ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான். விண்டோஸ் 98, பேஜ்மேக்கர், பாமினி எழுத்துரு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, ஹெத்தையம்மன் பண்டிகை நோட்டீஸ் எல்லாம் அதில் அடித்து, டிரேசிங் எடுத்து, குன்னூர் ஆப்செட் பிரஸ்ஸுக்குப் போகும். கடை இன்று இல்லை. நானும் சென்னைவாசி ஆகிவிட்டேன். விடுமுறை நாட்களில் அந்தக் கம்ப்யூட்டரை என் லேப்டாப்புக்குள் மறுபடி ஓட வைப்பதுதான் எனக்குப் பொழுதுபோக்கு.

86பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் பழைய மதர்போர்டு, பென்டியம், சவுண்ட் கார்டு என்று அத்தனையும் தானே ஆகிவிடும். அதற்குள் விண்டோஸ் 98 எந்தச் சந்தேகமும் இல்லாமல் எழுந்துவிடுகிறது. கஷ்டமெல்லாம் கடை வேலைகளைச் சேமித்து வைத்த ஃபிளாப்பியில்தான். ஆடிச் சாரலில் பீரோவுக்குள் இருக்கும் துணிக்கே பூசணம் பிடிக்கிற ஊர் எங்களுடையது. தகட்டை விலக்கினால் பழுப்பு வட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகள். ஆல்கஹாலில் தொட்ட பஞ்சால், வட்டை விரலால் சுற்றிக்கொண்டே துடைக்க வேண்டும். அழுத்தினால் பூச்சோடு எழுத்தும் போய்விடும்.

பிழைத்த கோப்பை இன்றைய கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை உட்கார வைத்த காலம் அது. எழுத்துருவுக்கு எழுத்துரு வரிசையும் மாறும். 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடி டாம், டாப் என்று எழுத்துருக் குறியீட்டுக்குத் தரம் வகுத்தது. கடைக்காரர்கள் கை பழகியதை விடவில்லை. யூனிகோடு வந்தது பெரிய நன்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எழுத்துரு மாற்றியில் போட்டால் எழுத்து யூனிகோடில் வந்துவிடும். ஆனால் மாமா வரி வரியாக நகர்த்திய இடைவெளி, ஓரத்துக் கொடி, மணமக்கள் பெயருக்குக் கொடுத்த அகலம் எதுவும் வராது. அவை பேஜ்மேக்கருக்குள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் முழுக் கம்ப்யூட்டரையும் எழுப்புகிறேன். குன்னூர் வரை ஏறும் நீராவி எஞ்சினை இன்னும் ஓட்டுகிறோமே, அந்த அக்கறை ஒரு மென்பொருளுக்கும் வேண்டும்.

பத்திரிகை திரையில் விரியும்போது நாற்காலிக்குப் பின்னால் நின்ற கூட்டம் நினைவுக்கு வருகிறது. கம்பளி மப்ளரும் கேரட் மண் ஒட்டிய பூட்ஸுமாகப் பெரியவர்கள் திரையை எட்டிப் பார்ப்பார்கள். "தம்பி, ஹட்டிக்கு ஹ போட்டியா? அட்டின்னு அடிச்சிடாதே." 'ஹட்டி' என்று முடியும் சொந்த ஊர்ப் பெயரைத் திரையில் பார்த்ததும் அவர்கள் முகம் மாறுவதை இங்கே எந்த அலுவலகத்திலும் நான் பார்த்ததில்லை. அந்தக் குரல்களைக் கேட்கத்தான் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

கேத்திப் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய ஃபிளாப்பி கிடந்தால் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பூசணம் பிடித்திருந்தாலும் பரவாயில்லை, நான் துடைத்துத் தருகிறேன்.