மைக்கிற்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே

வாக்கி டாக்கியைப் பிரித்தால் மூன்று வேலைகள் நடப்பது தெரியும். ஆன்டெனாவை ஒட்டிய பகுதி ரேடியோ அலையை அனுப்பி வாங்குகிறது. பட்டனையும் திரையையும் ஒரு சிறு கன்ட்ரோலர் கவனித்துக்கொள்கிறது. மைக், ஸ்பீக்கர் பக்கம் குரலைப் பக்குவப்படுத்துவது பேஸ்பேண்ட் சிப். தாம்பரம் யார்டில் லோகோ பைலட்டும் டிரெயின் மேனேஜரும் வைத்திருக்கும் 5 வாட் செட்டிலும், பெருங்களத்தூர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் இடுப்பில் தொங்கும் செட்டிலும் இதே ஏற்பாடுதான். கடையில் எல்லோரும் விசாரிப்பது எத்தனை வாட் என்று. சிக்னல் வந்து சேர்ந்த பிறகும் பேச்சு புரியவில்லை என்றால் வாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்க்க வேண்டிய இடம் இந்த சிப்.

ஒரு சேனலின் அகலம் பெரும்பாலும் 12.5 கிலோஹெர்ட்ஸ். அதற்குள் அலைவெண் நடுப்புள்ளியிலிருந்து இருபுறமும் 2.5 கிலோஹெர்ட்ஸ் வரைதான் விலகலாம். எனவே சிப் முதலில் குரலை 300 முதல் 3000 ஹெர்ட்ஸுக்குள் நறுக்குகிறது. அடுத்து மேல் அலைவெண்களை ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம் தூக்கிவிடுகிறது. எஃப்.எம்.மில் இரைச்சல் மேலே போகப் போகக் கூடும். மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஒலிகளும் அங்கேதான் இருக்கின்றன. வாங்கும் செட் அதே அளவு இறக்கும்போது குரல் பழைய நிலைக்குத் திரும்புகிறது, இரைச்சல் அமுங்குகிறது.

பிறகு லிமிட்டர். யார் கத்தினாலும் அது எல்லையில் வெட்டிவிடும். வெட்டிய இடத்தில் புதிய அலைவெண்கள் பிறந்து பக்கத்துச் சேனலுக்குள் கசியும் என்பதால், அதற்குப் பின்னால் இன்னொரு ஃபில்ட்டர் கட்டாயம். சத்தம் போதவில்லை என்று மைக் கெயினை ஏற்றும் பழக்கம் இங்கே எடுபடாது. லிமிட்டருக்கு மேல் சத்தம் கூடாது. குரல் கரகரப்பாகும், பின்னணியில் ஓடும் ஜி.எஸ்.டி. சாலையும் சேர்ந்து கேட்கும். வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சாதாரணக் குரலில் பேசினாலே போதும்.

300 ஹெர்ட்ஸுக்குக் கீழே காலி செய்த இடத்தில் உட்காருவது சி.டி.சி.எஸ்.எஸ். டோன். 67 முதல் 250.3 ஹெர்ட்ஸ் வரையுள்ள டோன்களில் ஒன்று பேச்சோடு சேர்ந்தே போகும். வாங்கும் சிப் தன் டோன் வந்தால்தான் ஸ்பீக்கரைத் திறக்கும். இந்தியாவில் 2018 முதல் உரிமம் வேண்டாத 446.0–446.2 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 16 சேனல்களே அடங்கும். தாம்பரத்திலிருந்து வண்டலூர் வரை நெருங்கி நிற்கும் குடியிருப்புகள் அவற்றைப் பங்கிட்டுத்தான் ஆக வேண்டும். அடுத்த வளாகத்துப் பேச்சு காதில் விழாமல் டோன் தடுக்கும். நம் பேச்சை அவர்கள் கேட்பதைத் தடுக்காது. பெட்டியில் ‘பிரைவசி கோட்’ என்று அச்சிட்டிருப்பது விற்பனைப் பேச்சு.

டோனைத் தேர்வதில் நம்மூருக்கென்று ஒரு சங்கடம் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸ் செட்டின் பவர் சப்ளையில் கண்டன்சர் கிழடானால் அதிலிருந்து வரும் ரீங்காரம் சரியாக 100 ஹெர்ட்ஸ்; பட்டியலில் 100.0 ஹெர்ட்ஸ் டோனும் இருக்கிறது. அந்த ரீங்காரம் உள்ளே புகுந்தால், யாரும் டோன் அனுப்பாமலே செட் திறந்துகொள்ளலாம். 88.5, 118.8 போன்றவற்றுக்குப் போவது நல்லது. 151.4, 250.3 இரண்டும் 50-இன் மடங்குகளை ஒட்டியே நிற்பதால் அவற்றையும் தவிர்க்கலாம்.

டோனை அடையாளம் காணச் சிப்புக்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நேரம் பிடிக்கும். தாழ்ந்த டோன் என்றால் அலைகள் மெதுவாக வருவதால் இன்னும் கொஞ்சம் கூடும். பட்டனை அமுக்கியதுமே பேசினால் முதல் அசை போய்விடும். தமிழில் எண் சொல்பவர்களுக்கு இது ஆபத்து: தொண்ணூறும் எண்ணூறும் முதல் அசை போனால் ஒன்றாகிவிடும். அமுக்கி, ஒரு மூச்சு விட்டுப் பேச வேண்டும் என்று பழையவர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

கம்பாண்டர் இருந்தால், அனுப்பும் சிப் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள டெசிபல் வித்தியாசத்தைப் பாதியாக்கும், வாங்கும் சிப் மறுபடி விரிக்கும். இரு பக்கமும் ஆன் ஆகியிருக்க வேண்டும். பழைய செட்களோடு புதியதைச் சேர்க்கும்போது ஒன்றில் மட்டும் ஆன் ஆகியிருந்தால் குரல் ஏறி இறங்கி ஊசலாடும். பழுது என்று வரும் செட்களில் இப்படி வெறும் புரோகிராம் செய்தால் சரியாகிறவையும் உண்டு. ஸ்க்ராம்ப்ளர் குரலின் அலைவெண்களைத் தலைகீழாகப் புரட்டுகிறது, அவ்வளவே. அதே வசதியுள்ள எந்தச் செட்டும் அதைத் திருப்பிவிடும்.

முன்பு இவையெல்லாம் தனிச் சிப்பில் இருந்தன. இன்றைய மலிவு செட்களில் ரேடியோ பகுதியும் பேஸ்பேண்டும் ஒன்றாகிவிட்டன. பாவ்ஃபெங் யுவி-5ஆர் செட்டில் உள்ள ஆர்.டி.ஏ.1846 அந்த வகை. விலை இறங்கியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். பழுதானால் பகுதி பகுதியாகச் சோதித்துப் பார்க்க முடியாமல் போனதற்கும் அதுவே காரணம்.

டிஜிட்டல் டி.எம்.ஆர். செட்டில் சிப்பின் வேலை அடியோடு மாறுகிறது. குரல் எண்களாகி, வோகோடர் வழியே நொடிக்கு 2450 பிட்டாகச் சுருங்குகிறது. பிழை திருத்தப் பிட்களைச் சேர்த்தால் 3600. ஒரு சேனலை 30 மில்லிநொடிக் கூறுகளாக்கி இரண்டு உரையாடல்கள் மாறி மாறிப் போகின்றன. சிக்னல் தேயும்போது அனலாக்கில் இரைச்சல் படிப்படியாக ஏறி எச்சரிக்கும். டிஜிட்டலில் கடைசி வரை தெளிவாக இருந்துவிட்டுச் சட்டென்று அறுந்துபோகும். வோகோடர் மனிதக் குரலை மட்டுமே எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. பிளாட்பாரத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது மின்சார ரயில் ஹாரன் அடித்தால், அதையும் குரலாக்கப் பார்த்துக் குழறலாக வெளியே விடும். அதனால்தான் இத்தகைய செட்களில் இரைச்சலைக் குறைக்கும் பகுதி வோகோடருக்கு முன்னாலேயே வைக்கப்படுகிறது. குழறிய பின் வடிகட்ட எதுவும் மிஞ்சாது.