முன்பாரமும் பின்பாரமும்

ரொறன்ரோவில் வாழும் என் சகோதரியின் மகன் அண்மையில் தொலைபேசியில் அழைத்து வித்தியாசமான ஆலோசனையொன்றைக் கேட்டான். கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளடங்கிய, காரின் பின்னால் கொளுவி இழுத்துச் செல்லும் சிறிய பயண வண்டி ஒன்றை வாங்கப் போகிறானாம். "மாமா, கார் 1590 கிலோ இழுக்குமாம். வண்டி சாமானோட 1400 கிலோதான் வரும். பயமில்லைத்தானே?" என்றான். பத்திரிகைக்காரனிடம் எதைக் கேட்டாலும் விடை இருக்கும் என்ற மூடநம்பிக்கை எங்கள் குடும்பத்தில் இன்னும் அழியவில்லை.

ஆயினும் அமிர்தகழியில் வளர்ந்தவனுக்கு இக்கேள்வி முற்றிலும் அந்நியமானதன்று. மாமாங்கேஸ்வரர் ஆலயத்து ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்குப் படுவான்கரையிலிருந்து மாட்டு வண்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்தவர்கள் பானை, சட்டி, அரிசி, பாய் என்று வீட்டையே வண்டியில் ஏற்றி வந்தார்கள். அவையும் பயண வண்டிகள்தாமே! நெல் மூடை ஏற்றும் வண்டிக்காரர் மூடைகளை எண்ணுவதோடு நின்றுவிடமாட்டார். நுகத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார். பாரம் முன்னுக்கு அதிகமானால் மாட்டின் கழுத்து நசியும், அது முன்பாரம். பின்னுக்கு அதிகமானால் நுகம் மேலெழுந்து கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும்; அது பின்பாரம். ஒரு மூடையை ஒரு முழம் முன்னே நகர்த்தி அவர் தீர்த்துவைத்த கணக்கைத்தான் இன்று வட அமெரிக்காவில் கையேடு அச்சிட்டு விளக்குகிறார்கள்.

அக்கையேடுகள் கூறுவது இதுதான். இழுக்கப்படும் வண்டியின் மொத்த எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 வரையான பங்கு, கொளுவும் இடத்தில் கீழ்நோக்கி அழுத்த வேண்டும். அதனிலும் குறைந்தால் வேகத்தில் வண்டி பாம்புபோல் வலமும் இடமும் ஆடத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் காரையும் சேர்த்துப் புரட்டிவிடும். மிகுந்தால் காரின் பின்புறம் தாழ்ந்து முன் சில்லுகள் பிடிப்பிழக்கும். திருப்புவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் முன் சில்லுகளின் வேலை என்பதை நினைவிற்கொள்க.

பெரும்பாலானோர் தவறவிடும் கணக்கு இனித்தான் வருகிறது. கார் இழுக்கக்கூடிய எடை வேறு, சுமக்கக்கூடிய எடை வேறு. மருமகனின் காரில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்க்கச் சொன்னேன். பயணிகளும் சரக்கும் சேர்ந்து 500 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்றிருந்தது. ஐந்து பேரின் எடை 350 கிலோ. 1400 கிலோ வண்டி, நூற்றுக்கு 12 வீதம் கார்மீது அழுத்துவது 168 கிலோ. கூட்டினால் 518. ஒரு பயணப்பைகூட ஏற்றுமுன்னரே எல்லை கடந்தாயிற்று. இழுவைக் கணக்கில் 190 கிலோ மிச்சம், சுமைக் கணக்கில் 18 கிலோ கடன்! விற்பனையாளர் முதலாவது கணக்கை மட்டும் சொல்லியிருந்தார். அவர் தொழில் அது.

நிற்க. என் மனத்தை உறுத்துவது ரொறன்ரோ அன்று. நம் வீதிகளில் ஓடும் உழவு இயந்திரப் பெட்டிகள். மாட்டு வண்டியின் இடத்தைப் பிடித்த இப்பெட்டியில் அந்த வண்டிக்காரரின் கைக்கணக்கு ஏறவில்லை என்பதே என் துணிபு. ஒன்றரைத் தொன் எடையுள்ள பழைய மெசி பேர்குசன் 135 தன்னைவிடப் பாரமான பெட்டியையும் சமதரையில் இழுத்துவிடும். அதை நிறுத்துவது வேறு விடயம். பெட்டிக்குத் தனியாகத் தடுப்பு இல்லையென்றால் இறக்கத்தில் பெட்டிதான் இயந்திரத்தைத் தள்ளும். இரு சில்லு லான்ட்மாஸ்டரில் இன்னொரு விசித்திரம் உண்டு: ஒரு பக்கக் கைப்பிடி விசையை அழுத்தினால் சமதரையில் அந்தப் பக்கம் திரும்பும் இயந்திரம், பாரத்தோடு இறக்கத்தில் செல்லும்போது எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். விசை விடுபட்ட சில்லு கட்டற்று உருள்வதே காரணம். பழகாதவன் கையில் இது கொலைக் கருவி.

பாரமும் கண்ணுக்குத் தெரிவதன்று. பெரும்போக அறுவடையில் 22 வீத ஈரத்தோடு ஏற்றும் 1000 கிலோ நெல், 14 வீதத்துக்குக் காய்ந்தால் ஏறத்தாழ 907 கிலோதான். மிகுதி 93 கிலோவும் தண்ணீர். மூடைக் கணக்கு அதைக் காட்டாது. மனிதரை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். முப்பது பேர் என்றால் ஒன்றேமுக்கால் தொன்னுக்குக் குறையாது. அவர்கள் நிற்கிறார்கள், வளைவில் எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். நெல் மூடை அப்படிச் சாய்வதில்லை.

2024 நவம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தின் மாவடிப்பள்ளியில், வெள்ளம் பாய்ந்த வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரப் பெட்டி அள்ளுண்டதில் வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உயிரிழந்தார்கள். உயரமான பெரிய சில்லுகள் இருக்கின்றன, பாரமான இயந்திரம், எனவே வெள்ளம் ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை நம் பகுதியில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் வீதியில் பாரம் மிகுவது ஆபத்தென்றால், ஓடும் நீரில் பாரம் குறைவதே ஆபத்து. காற்றடைத்த சில்லும் பெட்டியும் நீரில் மிதக்க முனையும். தரையில் பிடிப்புக் குறையும். அகன்ற பக்கப் பலகையை நீரோட்டம் தள்ளும். பெட்டி போனால் இயந்திரத்தையும் இழுத்துச் செல்லும்.

லொறிகளின் பக்கத்தில் எடை எழுதியிருப்பதைக் காண்கிறோம். ஊர்ப் பட்டறையில் ஒட்டிய பெட்டிகளில் அவ்வாறு காண்பது அரிது. வெற்றுப் பெட்டியை ஒருமுறை அரிசி ஆலையின் தராசு மேடையில் நிறுத்து, அந்த எடையையும் அச்சும் சில்லும் தாங்கக்கூடிய எடையையும் முன்பலகையில் வெள்ளைச் சாயத்தால் எழுதிவைக்க அரை நாள் போதும். அடுத்த ஆடி அமாவாசைக்கு முன்னர் எங்கள் பக்கத்து விவசாயச் சங்கங்கள் இதைத் தொடங்கலாம். கொளுவும் ஆணியோடு ஒரு சங்கிலியையும் சேர்த்துப் பூட்டினால் இன்னும் நல்லது. ஆணி கழன்றாலும் பெட்டி சனத்துக்குள் தனியே ஓடாது.