ஓடத் தெரிந்த நாங்கள் இருக்கவும் பழகுவோம்

சுவிசுக்குப் புதிதாக வந்து குடியேறியிருக்கும் எங்கள் உறவுகளுக்கு முதலில் ஒரு விடயத்தைச் சொல்லி வைக்கின்றோம். ஒவ்வொரு வருடமும் பெப்ரவரி மாதத்தின் முதலாவது புதன்கிழமை, பிற்பகல் 1.30 மணிக்கு நாடு முழுவதும் அபாயச் சங்கு ஊதும். ஒரு நிமிடம் ஏறியும் இறங்கியும் ஒலிக்கும். அது பரிசோதனை மட்டுமே. ஒருவரும் ஓடவோ நிலத்தில் விழுந்து படுக்கவோ தேவையில்லை. வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் வயோதிபர்களுக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள். அந்தச் சத்தம் எங்கள் சனத்தின் நெஞ்சை என்ன செய்யும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

முன்னறிவித்தல் இல்லாத வேறொரு நாளில் அது ஊதினால் வானொலியைப் போட்டுக் கேளுங்கள். அதிகாரிகள் சொல்வதைச் செய்யுங்கள். பக்கத்து வீட்டாருக்கும் தெரியப்படுத்துங்கள். அலேட்சுவிஸ் என்ற அரசாங்கத்தின் செயலியைக் கைத்தொலைபேசியில் போட்டு வைத்தால் அறிவித்தல் அதிலும் வரும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் வாசித்துச் சொல்வார்கள்.

ஆயத்தம் என்பது எங்களுக்குப் புதிதல்ல. 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எங்களிற் பலர் சின்னப் பிள்ளைகள். பிறப்புச் சாட்சிப் பத்திரமும் காணி உறுதியும் எப்போதும் ஒரு பையில் இருந்தன. ஜாம் போத்தலில் கொஞ்ச மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஆனால் அங்கே கற்ற ஆயத்தம் பெரும்பாலும் ஓடுவதற்கானது. இங்கே மின்சாரமும் தண்ணீரும் நின்றாலும், பனி கொட்டி வீதி மூடினாலும், சில நாட்கள் வீட்டிலேயே இருக்க ஆயத்தம் வேண்டும்.

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் புதிதாகச் சேருபவருக்கு மெஷினைக் காட்டுவதற்கு முன்பே வெளியேறும் வாசலையும் தீயணைப்புக் கருவியையும் காட்டுவார்கள். அதே ஒழுங்கை வீட்டிலும் செய்யலாம்.

தண்ணீர்: ஒருவருக்கு 9 லீற்றர் என்பது அரசாங்கத்தின் ஆலோசனை. கடையில் விற்கும் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் ஆறு கொண்ட ஒரு கட்டுத்தான் அது. நான்கு பேருக்கு நான்கு கட்டு. வாரம் ஒன்றாக வாங்கினால் ஒரு மாதத்தில் முடிந்துவிடும்.

உணவு: ஒரு கிழமைக்கு வேண்டும். அரிசியும் பருப்பும் எங்கள் வீடுகளில் எப்படியும் இருக்கும். ஆனால் இங்கு அநேகமான அடுப்பு மின்சாரத்தில் எரிவது என்பதை மறக்கக் கூடாது. சமைக்காமல் உண்ணக்கூடிய அவல், சீனி, பிஸ்கற், பேரீச்சம்பழம், ரின் மீன், குழந்தைக்குப் பால்மா ஆகியவற்றையும் வையுங்கள். பழையதை எடுத்துச் சமையுங்கள், புதியதைப் பின்னுக்கு வையுங்கள்.

இவற்றோடு ரோச் லைற், பற்றறி, பற்றறியில் வேலை செய்யும் வானொலிப் பெட்டி, தினமும் எடுக்கும் மருந்து, கொஞ்சம் சில்லறைக் காசு. கரி அடுப்பையோ மண்ணெண்ணெய் அடுப்பையோ மட்டும் வீட்டுக்குள் மூட்டாதீர்கள். பூட்டிய வீட்டில் அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொன்றுவிடும்.

எங்களுக்குப் பெரிய கவலை, நாங்கள் இரவு வேலைக்குப் போன பிறகு மொழி தெரியாத மனைவியும் கைக்குழந்தையும் வீட்டில் தனியே இருப்பதுதான். பொலிசுக்கு 117, தீயணைப்புக்கு 118, அம்புலன்சுக்கு 144. பிள்ளை நஞ்சான ஏதாவதைக் குடித்துவிட்டால் 145. இந்த எண்களையும், அவற்றின் கீழே வீதிப் பெயர், வீட்டு இலக்கம், மாடி, கதவிலுள்ள பெயர் ஆகியவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுங்கள். டொச் பேசும் இடத்தில் 'ஹில்ஃப', பிரெஞ்சு பேசும் இடத்தில் 'ஓ செக்கூர்' என்று சொல்லிவிட்டு அந்த விலாசத்தை வாசித்தாற் போதும், உதவி வரும். மனைவியை இரண்டு மூன்று தடவை சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சம் போய்விடும்.

பழைய பையையும் கைவிட வேண்டாம். 2025 மே 28 இல் வலே மாநிலத்தின் பிளாற்றன் என்ற ஊரைப் பனிமலை சரிந்து மூடியது. ஊர்ச் சனம் சுமார் 300 பேரும் அறிவித்தலைக் கேட்டுச் சில நாட்களுக்கு முன்பே வெளியேறியிருந்தார்கள். உங்கள் அகதி அடையாள அட்டையின் பிரதி, காப்புறுதி அட்டை, பிள்ளைகளின் தடுப்பூசிப் புத்தகம் என்பன ஒரே ஷொப்பிங் பையில் இருக்கட்டும்.

அடுத்த வீட்டுக்காரரின் மணியை அடித்து ஒருமுறை வணக்கம் சொல்லிப் பழகி வையுங்கள். ஊரில் வேலிக்கு மேலால் கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். இங்கே அந்த நாலு பேரை நாங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போகும்போது ஒரு தண்ணீர்க் கட்டு கூடுதலாக வாங்குங்கள். தொடக்கத்திற்கு அது போதும்.