விளக்கு மாடம்



திருமுடிவாக்கத்தில் விளக்குப் பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். புதுச்சேரியில் ஒரு பழைய தமிழ் வீட்டை உணவகமாக மாற்றுகிறார்களாம். விளக்கு வேலை இவனுக்கு.

"சுண்ணாம்புச் சுவரைக் கொத்தக் கூடாது டீச்சர். ஒயரை உத்தரத்துக்கு மேலே மறைச்சிடுவோம். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சம் போதும். பல்பு கண்ணுல படக் கூடாது, சுவர்ல பட்டுத் திரும்பணும். சி.ஆர்.ஐ. 90-க்கு மேல இருந்தாத்தான் வத்தக்குழம்பு அதோட நிறத்துல தெரியும்" என்றான். நான் மாணவி போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு தயங்கினான். "சுவர்ல நாலு மாடம் இருக்கு. அடைச்சிடுன்னு சொல்றாங்க டீச்சர்."

எனக்கு அம்மா வீட்டு மாடம் நினைவுக்கு வந்தது. காற்றுக்கு அணையாத ஒற்றைத் திரி. வெள்ளையடித்த குழியில் பட்டு ரேழி முழுக்க வெளிச்சம். அவன் சொன்ன அதே கணக்கு! அந்த வீட்டை அடுக்குமாடிக்கு விற்றபோது நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த மாடத்துக்கு ஒரு போட்டோகூட இல்லை.

"அடைக்க விடாதேடா" என்றேன். குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது.

நேற்று போன் செய்தான். நாலு மாடத்திலும் சின்ன விளக்கு வைக்கச் சம்மதித்துவிட்டார்களாம்.

புதுச்சேரி போனால் பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாளைப் பாருங்கள். அதுவும் பழைய தமிழ் வீடுதான். இப்போது விடுதியும் உணவகமும். உங்கள் ஊர் வீட்டில் மாடம் இருந்தால், இன்றே ஒரு போட்டோ எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்